இழப்பு மக்களுக்கு, அபராதம் அரசுக்கு

2024 ஜூலை 31. மாதத்தின் கடைசி நாள். நாட்டின் ஏறத்தாழ 300 சிறிய வங்கிகளின் வாடிக்கையாளர்களால் அன்று யுபிஐ மூலம் பணம் அனுப்பவோ பெறவோ இயலவில்லை. ஏடிஎம் சேவையும் கிடைக்கவில்லை. கன்னமிடப்பட்டது அந்த வங்கிகளில் அல்ல. அவற்றுக்குக் கணினிச் சேவை அளித்துவந்த, மும்பையிலிருந்து இயங்கும் சி-எட்ஜ் டெக்னாலஜீஸ் நிறுவனம், 'ரான்சம்வேர்' எனப்படும் பிணைத்தொகை கேட்டு மிரட்டும் நச்சுநிரலால் தாக்கப்பட்டதே காரணம். அப்போது அது டாடா கன்சல்டன்சி சர்வீசஸ், பாரத ஸ்டேட் வங்கி ஆகியவற்றின் கூட்டு நிறுவனம் என்பது கவனிக்கத்தக்கது.

பாதிப்பு பரவாமல் தடுக்க, என்.பி.சி.ஐ. எனப்படும் இந்திய தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம், சி-எட்ஜ் நிறுவனத்தின் இணைப்பைத் தற்காலிகமாகத் துண்டித்தது. அது சரியான முடிவே. மறுநாள் இணைப்பு மீண்டும் வழங்கப்பட்டது. நாட்டின் மொத்தப் பணப் பரிவர்த்தனையில் பாதிக்கப்பட்டது அரை சதவீத அளவே என்று அப்போது கூறப்பட்டது. புள்ளிவிவரத்தில் அது சிறு எண்ணாக இருக்கலாம். கூட்டுறவு வங்கியிலோ மண்டல ஊரக வங்கியிலோ மட்டுமே கணக்கு வைத்திருக்கும் ஒருவருக்கு அன்றைய தினம் நூறு சதவீதம் முடங்கியது.

என்.பி.சி.ஐ.யின் தலைமையகம் இருக்கும் பாந்த்ரா-குர்லா வளாகமும் தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் தாராவியும் அடுத்தடுத்து இருப்பவை. அங்கே கண்ணாடிக் கட்டடங்களுக்குள் எடுக்கப்படும் தொழில்நுட்ப முடிவு, இங்கே தோல் பட்டறையின் வாரக் கூலியையும், மாட்டுங்காவில் பூ விற்பவரின் அன்றைய கொள்முதலையும், செம்பூரிலிருந்து திருநெல்வேலிக்கு அனுப்பப்படும் குடும்பச் செலவுப் பணத்தையும் தீர்மானிக்கும் காலம் இது. தொழில்நுட்ப நிறுவனம் ஒன்றின் பாதுகாப்புக் குறைபாட்டை அந்நிறுவனத்தின் சொந்த விவகாரம் என்று இனியும் ஒதுக்கிவிட முடியாது.

இத்தகைய தாக்குதல்கள் பெரும்பாலும் கோட்டையின் தலைவாசல் வழியாக நிகழ்வதில்லை. ஒப்பந்ததாரர், துணை ஒப்பந்ததாரர் என்று நீளும் சங்கிலியில் எந்தக் கண்ணி நைந்திருக்கிறதோ, அதன் வழியாகவே பகைவர் நுழைகின்றனர். சி-எட்ஜ் நிகழ்விலும், அதனுடன் இணைந்து பணியாற்றிய வேறொரு நிறுவனத்தின் கணினியில் பாதுகாப்பு அமைப்புகள் சரிவர அமைக்கப்படாததே தொடக்கப்புள்ளி என்று கிளவுட்செக் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் தெரிவித்தது. பல நூறு வங்கிகள் ஒரே சேவை நிறுவனத்தை நம்பியிருக்கும்போது ஒரு சிறு கவனக்குறைவு எத்தனை பேரின் தலையில் விடியும் என்பதற்கு இது சான்று.

இது தனித்த நிகழ்வும் அல்ல. செம்பூரை அடுத்த டிராம்பேயில் அனல்மின் நிலையம் நடத்தும் டாடா பவர் நிறுவனம், தனது கணினிக் கட்டமைப்பு தாக்கப்பட்டதாக 2022 அக்டோபர் 14-ஆம் தேதி பங்குச் சந்தைகளுக்குத் தெரிவித்தது. மின் உற்பத்தி, விநியோகத்துக்கான முக்கிய அமைப்புகள் இயங்குவதாகவும் அது கூறியது. சில நாள்களில் 'ஹைவ்' என்ற கும்பல், அங்கிருந்து திருடியதாகக் கூறி, ஊழியர்களின் ஆதார் எண் உள்ளிட்ட விவரங்களை இணையத்தில் வெளியிட்டது. அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ., 2023 ஜனவரியில் அந்தக் கும்பலின் கட்டமைப்பை முடக்கியது. ஆனால், வெளியான ஆதார் எண்ணைத் திரும்ப அழைக்க எந்தக் காவல் துறையாலும் இயலாது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? இணையத் தாக்குதல் நிகழ்ந்தால் ஆறு மணி நேரத்துக்குள் 'செர்ட்-இன்' அமைப்பிடம் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் ஆணையிட்டது மத்திய அரசு. வரவேற்கத்தக்க ஆணைதான். அடுத்த ஆண்டு நவம்பரில் அதே அமைப்புக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. அதாவது, நிறுவனங்கள் அரசிடம் சொல்லியாக வேண்டும்; அரசு மக்களிடம் சொல்ல வேண்டியதில்லை.

தங்கள் விவரங்கள் கசிந்தால் அதைச் சம்பந்தப்பட்டவர்கள் அறியும் உரிமையை 2023-ஆம் ஆண்டின் எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தருகிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. அந்த முக்கியப் பிரிவுகள் நடைமுறைக்கு வர மேலும் 18 மாத அவகாசம் அளிக்கப்பட்டது.

அந்தச் சட்டத்தில் இன்னொரு விசித்திரம் உண்டு. பாதுகாப்பில் தவறும் நிறுவனத்துக்கு ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்கலாம். அந்தத் தொகை போய்ச் சேருவது இந்தியத் தொகுப்பு நிதிக்கு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு, அலட்சியத்தால் பாதிக்கப்பட்டவருக்கு நிறுவனமே இழப்பீடு தர வேண்டும் என்று கூறியது. அந்தப் பிரிவை நீக்குவதற்கும் இதே புதிய சட்டம் வழிசெய்கிறது. இழப்பு குடிமகனுக்கு, அபராதம் அரசுக்கு என்பது என்ன நியாயம்?

இந்திய ரிசர்வ் வங்கியின் அணுகுமுறையிலும் இடைவெளி இருந்தது. தகவல் தொழில்நுட்பப் பணிகளை வெளியாரிடம் ஒப்படைப்பது குறித்து 2023 ஏப்ரலில் விரிவான நெறிமுறைகளை வெளியிட்டபோது, மண்டல ஊரக வங்கிகளையும் சிறிய நகரக் கூட்டுறவு வங்கிகளையும் அதன் வரம்புக்கு வெளியே வைத்தது. சிறிய வங்கிகள் மீது சுமை ஏற்றக் கூடாது என்ற நல்லெண்ணமாக இருக்கலாம். ஆனால், வெளியாரின் சேவையை மிகுதியும் நம்பியிருப்பவை அந்த வங்கிகளே.

குறைபாடுகளை வெளிப்படுத்தினால் அது திருடர்களுக்கே வழிகாட்டும் என்று வாதிடப்படுகிறது. ஓட்டை அடைக்கப்படும்வரை அந்த வாதம் ஏற்கத்தக்கது. அதன் பிறகும் மௌனம் நீடித்தால் காப்பாற்றப்படுவது மக்கள் அல்லர், தவறு செய்தவர்களே. விமான விபத்து நேர்ந்தால் விசாரணை அறிக்கை பொதுவெளியில் வைக்கப்படுகிறது. அதனால் விமானப் பயணம் ஆபத்தாகிவிடவில்லை, பாதுகாப்பானதாகவே ஆகியிருக்கிறது.

தாராவி மறுமேம்பாட்டுக்காக 2024 மார்ச்சில் தொடங்கிய கணக்கெடுப்பில், வீடுதோறும் குடும்ப ஆவணங்கள் எண்ணியல் வடிவில் திரட்டப்பட்டன. யாருக்கு எங்கே வீடு என்பதை முடிவு செய்யப் போகும் ஆவணங்கள் அவை. ஒரு நகல் கசிந்தாலோ ஒரு பதிவு சிதைந்தாலோ அந்தக் குடும்பத்துக்கு யார் சொல்வார்கள், எத்தனை நாளில் சொல்வார்கள், யார் ஈடுசெய்வார்கள்? இந்தக் கேள்விகளுக்கு விடை, கசிவு நிகழ்வதற்கு முன்பே சட்டத்தில் இருக்க வேண்டும்.

நாடாளுமன்றம் செய்ய வேண்டியவை மூன்று. பெரிய அளவிலான ஒவ்வொரு இணையத் தாக்குதல் குறித்தும், குறித்த காலத்துக்குள் விசாரணை அறிக்கை வெளியிடப்பட வேண்டும். பாதிக்கப்பட்டவரின் இழப்பீட்டு உரிமை சட்டத்தில் மீண்டும் இடம்பெற வேண்டும். வங்கிகளுக்குப் பொருந்தும் பாதுகாப்பு விதிகள், அவற்றுக்குச் சேவை அளிக்கும் கடைசித் துணை ஒப்பந்ததாரர் வரை பொருந்த வேண்டும். எண்ணியல் இந்தியாவின் பெருமையைப் பேசும் தமிழக உறுப்பினர்களும், மும்பைத் தமிழர்களின் வாக்குகளைக் கேட்டு வருபவர்களும் இந்த மூன்றையும் அவையில் எழுப்பட்டும்.