ஹைளு வராமலிருப்பது வசதியன்று

மதரஸாவில் பயிலும் குமர்ப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் ஹைளுடைய சட்டங்களை நாம் நடத்தி வருகிறோம். சென்ற ரமலானுக்கு முன் வில்லியனூர்ப் பக்கத்து மாணவி ஒருத்தி, தனக்கு நான்கு மாதமாக மாதவிடாய் வரவில்லை என்றாள். வீட்டில் சொன்னாயா என்று கேட்டோம். "சொன்னேன் ஆலிமா. இந்த வருஷம் ஒரு நோன்பும் விடுபடாது, நல்லதுதானே என்றார்கள்" என்றாள்.

நம் சமுதாயத்தின் நோய் அந்தப் பதிலில் இருக்கிறது. ஹைளின் உச்ச வரம்பு ஹனஃபி மத்ஹபில் 10 நாள், ஷாஃபிஈ மத்ஹபில் 15 நாள். இரண்டு ஹைளுக்கு இடைப்பட்ட தூய்மைக்கோ மேல் வரம்பு இல்லை. எனவே நான்கு மாதம் வராவிட்டாலும் தொழுகைக்குச் சிக்கலில்லை. சிக்கலில்லை என்பதால் எவரும் விசாரிப்பதுமில்லை. தொழுகைக்குரிய சட்டத்தை உடலுக்குரிய மருத்துவ விடையாக எடுத்துக்கொண்டோம். மாதக்கணக்கில் உதிரம் வெளியேறாதபோது கருப்பையின் உட்சுவர் தடித்துக்கொண்டே போகும். ஆண்டுகள் கடந்தால் அது புற்றாக மாறும் அபாயமும் உண்டு. இதற்கா வசதி என்று பெயர்?

இத்தகைய கோளாறுகளில் மிகப் பரவலானது, ஊரில் நீர்க்கட்டி என்று சொல்லப்படும் பிசிஓஎஸ். பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் நூற்றுக்கு 10 முதல் 13 பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இரத்தத்தில் சர்க்கரை விரைந்து ஏற ஏற, உடல் இன்சுலினை மிகுதியாகச் சுரக்கிறது. மிகுந்த இன்சுலின் சூலகத்தைத் தூண்டி ஆண்மை ஹார்மோனைப் பெருக்குகிறது. முட்டை முதிர்ந்து வெளிவருவது தடைப்படுகிறது. மாதவிடாய் தவறுவதும், முகத்தில் முடி வளர்வதும் இதனால்தான். மெலிந்த பெண்களுக்கும் இது வரும் என்பதை, மருமகளின் பருமனைக் குத்திப் பேசும் மாமியார்கள் அறிந்துகொள்ளட்டும்.

இன்சுலின் கோளாறு நமக்கு அந்நியமன்று. 2023இல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வின்படி, புதுச்சேரியில் 20 வயதைக் கடந்தோரில் நூற்றுக்கு 26.3 பேருக்குச் சர்க்கரை நோய். கோவாவுக்கு அடுத்து நாட்டிலேயே நாம்தான். அதே அடுப்படியில்தான் நம் மகள்களும் உண்கிறார்கள்.

எப்படி உண்கிறார்கள் என்பதையும் பார்ப்போம். ஆண்கள் உண்டு எழுந்த பிறகு, கறியும் காயும் தீர்ந்த சட்டியில் எஞ்சிய ஆணத்தை வெள்ளைச் சோற்றில் ஊற்றிக்கொள்வதுதான் பல வீடுகளில் பெண்களின் உணவு. காலையில் இனிப்புத் தேநீரும் பன்னும், மாலையில் பப்ஸ், இரவில் பரோட்டா. பாகூர் ஏரிப் பாசனத்தில் நெல் விளைகிறது, வேலியோரம் முருங்கை தழைத்து நிற்கிறது. ஆனால் கீரை ஆய்வதற்கு நேரமில்லை என்கிறோம். வலீமா விருந்துக்கு முதல்நாள் இரவு முழுவதும் வெங்காயம் உரிக்க மட்டும் நேரமிருக்கிறது!

குடலுக்கும் ஹார்மோனுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். பயன்பட்டு முடிந்த ஈஸ்ட்ரோஜனைக் கல்லீரல் பித்தத்தோடு குடலுக்கு அனுப்புகிறது. அங்குள்ள சில நுண்ணுயிர்கள் அதைக் கட்டவிழ்த்து மீண்டும் இரத்தத்தில் சேரச் செய்கின்றன. நார்ச்சத்து மிகுந்த உணவு, அதைக் கழிவோடு வெளியேற்றத் துணைபுரிகிறது. சர்க்கரை ஏறும் வேகத்தையும் மட்டுப்படுத்துகிறது. பாசிப்பயறு, கொண்டைக்கடலை, கேழ்வரகு, கீரை ஆகியவை போதும். குடலைச் சுத்தம் செய்து ஹார்மோனைச் சீராக்கும் என்று வாட்ஸ்அப்பில் விற்கப்படும் பொடிகளுக்குப் பணம் கொடுப்பது வீண்விரயம். அவற்றை நம் சகோதரிகளே சுன்னத்தான மருந்து என்று கூறி விற்பது அதனினும் வேதனை.

உணவு மட்டும் போதுமென்றும் நாம் சொல்லவில்லை. தைராய்டு கோளாறாலும் மாதவிடாய் தவறும், சோதித்தால்தான் தெரியும். ஆரம்பச் சுகாதார நிலையம் இருக்கிறது, கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. இருந்தும், கண்ணேறு என்று தாயத்துக் கட்டுகிறோம். "நிக்காஹ் ஆனால் சரியாகிவிடும்" என்று மகளை அனுப்பி வைக்கிறோம். ஈராண்டு கழித்துப் பிள்ளையில்லை என்று அதே பெண்ணைத் தலாக்கின் வாசலில் நிறுத்துகிறோம்.

அந்த மாணவியின் தாயாரை நேரில் கண்டு பேசினோம். "இதையெல்லாம் இவளுடைய அத்தாவிடம் எப்படி ஆலிமா சொல்வது?" என்று தயங்கினார். ஃபாத்திமா பின்த் அபீஹுபைஷ் (ரலி) தமக்கு நிற்காமல் உதிரம் போவதை நபி (ஸல்) அவர்களிடமே வந்து கேட்ட செய்தி, புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. நபியவர்கள் முகம் சுளிக்கவில்லை. அது ஹைளன்று, ஒரு நரம்பிலிருந்து வருவது என்று விளக்கினார்கள். இதைச் சொன்னதும் அந்தத் தாய் சற்று நேரம் பேசாமலிருந்தார். நோன்புப் பெருநாள் கழிந்த வாரத்தில், தந்தைதான் வண்டியில் மகளை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்.