எடைக்குத் தைராய்டு ஏற்கும் பழி

உடல் பருமனுக்குத் தைராய்டே காரணம் என்ற நம்பிக்கை, பருத்தவர்களிடமும் அவர்களுக்கு அறிவுரை கூறும் உற்றார் உறவினரிடமும் கேள்விக்கு இடமில்லாத உண்மையாக நிலைபெற்றுவிட்டது. ஆய்வகச் சீட்டில் டி.எஸ்.எச். அளவு 6 என்று தடித்த எழுத்தில் அச்சாகி வந்துவிட்டால், அதற்குமேல் விசாரணை எதுவும் நடப்பதில்லை. தைராய்டுக்கு ஆகாது என்று முட்டைகோஸைக் கைவிட்டவர்கள் மாலை நேரத்து வடையையும் கைவிட்டதாகக் கேள்வியில்லை.

கழுத்தின் முன்புறமுள்ள இச்சுரப்பி, தைராக்சின் எனப்படும் டி4 ஹார்மோனையும் அதைவிட வீரியமுள்ள டி3 ஹார்மோனையும் சுரந்து, ஓய்வின்போதும் உடல் செலவிடும் ஆற்றலின் அளவை நெறிப்படுத்துகிறது. இவை குறைந்தால், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி, டி.எஸ்.எச். என்னும் தூண்டு ஹார்மோனைக் கூடுதலாக வெளியிட்டுத் தைராய்டை முடுக்க முயல்கிறது. ஆகவே குறைபாடு முற்றியவருக்கு எடை கூடுவது மெய்தான். ஆனால் அந்தக் கூடுதல், அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் கணிப்பில், 5 முதல் 10 பவுண்டு வரை, அதாவது ஏறத்தாழ 2 முதல் 5 கிலோ வரையே. அதிலும் பெரும்பகுதி கொழுப்பன்று, உப்பும் நீரும்தான். தோலுக்கடியில் ஹயலூரானிக் அமிலம் போன்ற பொருள்கள் தேங்கி நீரைப் பிடித்துவைப்பதால் முகமும் கால்களும் ஊதுகின்றன. இதயக் கோளாற்றால் வரும் கால்வீக்கத்தை விரலால் அழுத்தினால் குழி விழுந்து நிற்பதுபோல் இவ்வீக்கத்தில் பொதுவாக விழுவதில்லை. டென்மார்க்கில் சிலரிடம் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஓர் ஆய்வில், ஓராண்டுச் சிகிச்சைக்குப்பின் நோயாளிகளின் எடை சராசரியாக 4 கிலோவுக்குச் சற்று மேல் குறைந்தபோதும், அவர்களுடைய கொழுப்பின் அளவு மாறவேயில்லை. இருபது, முப்பது கிலோ மிகையெடைக்கு இச்சுரப்பியைப் பொறுப்பாக்குவோர் இந்தக் கணக்குக்கு என்ன விடை வைத்திருக்கிறார்கள்?

சென்னை உள்ளிட்ட எட்டு இந்திய நகரங்களில் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வு, பெரியவர்களில் ஏறத்தாழ 11 விழுக்காட்டினருக்குத் தைராய்டுக் குறைபாடு இருப்பதாகக் கூறியது. அவர்களைத் தவிர மேலும் பலருக்கு டி4 இயல்பாக இருக்க, டி.எஸ்.எச். மட்டுமே உயர்ந்திருந்தது. இத்தகைய சிற்றுயர்வு பல வேளைகளில் பருமனின் விளைவாகவே அமைகிறது என்பது இங்கு மறக்கப்படுகிறது. கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் என்னும் ஹார்மோன், டி.எஸ்.எச். சுரப்பைத் தூண்டவல்லது, எடை குறைந்தவர்கள் பலருக்கு, மாத்திரை எதுவுமின்றியே டி.எஸ்.எச். அளவும் இறங்கிவிடுகிறது.

இந்த நம்பிக்கை வெறும் அறியாமையோடு நின்றிருந்தால் பொறுத்துக்கொள்ளலாம்; எடையைக் குறைப்பதற்காகவே தைராக்சின் மாத்திரையின் அளவைக் கூட்டிக்கொள்ளும் துணிச்சலையும் அது தருகிறது. அமெரிக்காவில் 1960களில் பலவண்ண மாத்திரைகளாக விற்கப்பட்ட எடைக்குறைப்பு மருந்துகளில், ஆம்பெட்டமைனோடு தைராய்டு ஹார்மோனும் சேர்க்கப்பட்டிருந்தது. அவை உயிர்களைப் பலிகொண்டன. எடைக்குறைப்புக்கு இதைப் பயன்படுத்தலாகாது என்னும் எச்சரிக்கை, அந்நாட்டில் தைராக்சின் மருந்துக் குறிப்பில் இன்றும் கட்டமிட்டு அச்சிடப்படுகிறது. மிகையான ஹார்மோன் தசையைக் கரைத்து, எலும்பைத் தேய்த்து, இதயத் துடிப்பின் ஒழுங்கையும் குலைக்கக்கூடியது.

இதே நம்பிக்கை ஒல்லியானவர்களுக்கு வேறு வகையில் கேடு செய்கிறது. தீராத களைப்பு, மலச்சிக்கல், முடி உதிர்தல், மிகுதியான மாதவிடாய்ப் போக்கு ஆகியவற்றால் அவதியுறும் பெண், உடல் மெலிந்திருப்பதால் தைராய்டுக் குறைபாடு இராது என்று தானும் எண்ணி, வீட்டாராலும் அவ்வாறே தேற்றப்பட்டு, ஓர் எளிய இரத்தப் பரிசோதனையை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட நேர்கிறது.