சக்கரத்தின் மேல் குடித்தனம்

நாமக்கல் மாவட்ட இளைஞர் அருண்பிரபு, ஒரு ஆட்டோவின் மேலே சமையலறை, குளியலறை, தண்ணீர்த் தொட்டியோடு சின்ன வீடே கட்டினார். செலவு சுமார் ஒரு லட்ச ரூபாய். 2021-ல் ஆனந்த் மகிந்திரா அதைப் பாராட்ட, நாடே அதிசயப்பட்டது.

அதே நாமக்கல் லாரிக்காரர்கள் எத்தனையோ வருஷமாக வண்டியிலேயே குடித்தனம் நடத்துகிறார்களே, அதை யார் கவனித்தார்கள்? என் தம்பியும் லாரி டிரைவர்தான். மாசத்தில் இருபது நாள் கேபின்தான் அவனுக்கு வீடு. சோறு பொங்குவது, ஸ்டெப்னி மாற்றுவது, கிழிந்த தார்ப்பாயைக் கோணி ஊசியால் தைப்பது, எல்லாமே அவன்தான்.

2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம் என்று 2023 டிசம்பரில் மத்திய அரசு அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் பழைய லாரிகளுக்கு அது பொருந்தாதே! ஏ.சி. வைத்தாலும் குளிக்க, கால் கழுவ எங்கே போவது? எங்க ஊர் ஜி.எஸ்.டி. ரோட்டில் இருட்டில் ஓரங்கட்டித் தூங்கினால், பின்னால் வருகிறவருக்கும் ஆபத்து.

சுங்கச்சாவடியில் வசூலிக்கும் பணத்தில், குளிக்க, துவைக்க, பயமில்லாமல் தூங்க ஆங்காங்கே இடம் கட்டித் தரட்டும். காத்திருக்கும் பெண்களும் நிம்மதியாகத் தூங்குவோம். என்ன சொல்றீங்க, சகோதரிகளே?

- ஒரு வாசகி, ஊரப்பாக்கம்.