எறையூரும் நம் மறைமாவட்ட வரலாறுதான்

புதுச்சேரி-கடலூர் உயர்மறைமாவட்டத்தின் வரலாறு என்றாலே நம்மில் பலருக்குக் கடற்கரைதான் நினைவுக்கு வரும். 1776இல் பொறுப்பேற்ற பாரீஸ் வேதபோதக சபைக் குருக்கள், சம்பா கோவில், 1886இல் கிடைத்த உயர்மறைமாவட்டத் தகுதி, 1953இல் சேர்ந்த கடலூரின் பெயர் என்று சொல்லிக்கொண்டே போவோம். கள்ளக்குறிச்சியும் உளுந்தூர்பேட்டையும் அதே உயர்மறைமாவட்டம்தான் என்பது பிறகுதான் தோன்றும்.

நம் பக்கத்துக் கதையில் முக்கியமான ஆண்டுகள் வேறு. 1876-78, தாது வருஷப் பஞ்சம். தென்னார்க்காட்டில் ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். லவுனான் ஆண்டகை காலத்துப் புதுச்சேரி மிஷனில் அப்போது ஆயிரக்கணக்கானோர் ஞானஸ்நானம் பெற்றார்கள். "கஞ்சிக்கு மாறியவர்கள்" என்று இன்றைக்கும் சிலர் ஏளனம் செய்வதுண்டு. பசித்தவனுக்குக் கஞ்சி ஊற்றியதில் என்ன குற்றம்? அவர்கள் கஞ்சியோடு மரியாதையையும் எதிர்பார்த்து வந்தார்கள். அது கிடைத்ததா என்பதுதான் கேள்வி.

எறையூர் அதற்குப் பதில் சொல்கிறது. பெரிய பங்கு, பழைய பங்கு. ஆனால் தலித் கிறிஸ்தவர்களுக்குக் கல்லறை தனி, சவ ஊர்வலத்துக்குப் பாதை தனி. அவர்கள் தனிப்பங்கு கேட்டு உண்ணாவிரதம் இருந்தார்கள். 2008 மார்ச் 9ஆம் தேதி அவர்களுடைய வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியக் கிறிஸ்தவர் இருவர் இறந்தார்கள். இரண்டு தரப்பும் ஒரே ஜெபமாலையை உருட்டியவர்கள்தான்.

"பழையதை ஏன் கிளற வேண்டும்?" என்று நம் வயதுக்காரர்கள் கேட்பார்கள். மூடி வைத்த புண் ஆறாது, புரையோடும். சாதிப் பிரிவினைக்குத் திருச்சபையில் இடமில்லை என்று 2003இல் போப் இரண்டாம் ஜான் பால் தமிழக ஆயர்களிடமே சொன்னார். அதற்குப் பிறகும் இது நடந்தது.

ஆகவே என் கருத்து இதுதான். மறைமாவட்ட வரலாறு எழுதுகிறவர்கள் ஆண்டகைகளின் வரிசையோடும் கோபுரம் கட்டிய கணக்கோடும் நிறுத்தக் கூடாது. பஞ்சத்தில் வந்தவர்களையும், ஊர் ஊராய் நடந்து ஜெபம் சொல்லிக்கொடுத்த உபதேசியார்களையும், தனிக் கல்லறைகளையும் சேர்த்து எழுத வேண்டும். பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைச் செல்லரிக்க விடாமல் காக்க வேண்டும். சேரியில் இருக்கும் பெரியவர்களிடம் போய் உட்கார்ந்து கேட்க வேண்டும். எண்பதைத் தாண்டியவர்கள் அங்கே இனி எத்தனை நாள் இருப்பார்கள்?