பதம் தவறிய திருப்புளி

செகந்திராபாத் ராணிகஞ்ச் கடைகளில் திருப்புளிகள் எல்லாமே பளபளக்கின்றன. வித்தியாசம் வேலையில்தான் தெரியும். மட்டுமீறிக் கடினமாக்கிய முனை உடையும். கடினம் போதாத முனை முறுக்கிக்கொள்ளும். ‘குரோம் வனேடியம்’ என்று பொறிப்பது சுலபம். எஃகைச் சூடேற்றிக் குளிர்வித்துப் பதமாக்குவதுதான் வித்தை. கருவி வடிவமைப்புக்கென்றே 1968 முதல் பாலாநகரில் மத்திய கருவி வடிவமைப்பு நிறுவனம் இருக்கிறது. ஆனாலும் கடையில் முதலில் கேட்கப்படுவது விலைதான்.

எலக்ட்ரீஷியனுக்கு இன்னொரு ஆபத்து: பிளாஸ்டிக் கைப்பிடி இருந்தாலே மின்காப்பு ஆகிவிடாது. 1,000 வோல்ட் குறியும் இரட்டை முக்கோணமும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மழுங்கிய முனை முதலில் திருகாணியின் தலையைத் தேய்க்கும். பிறகு வழுக்கிக் கையைக் கிழிக்கும். மிச்சம் பிடித்த காசு மருந்துக்கடைக்குப் போகும்.