'நட்பு நாடு' என்னும் பிழை

லேக் மார்க்கெட்டுத் தமிழருக்கு 1971 வெறும் ஏட்டுச் செய்தி அன்று. சால்ட் லேக் முகாமில் அகதிகள் குவிந்துகொண்டிருந்த அதே நகரத்தில்தான் அவர்கள் வாழையிலையும் காப்பித்தூளும் வாங்கிக் குடும்பம் நடத்தினர். அந்த ஆண்டைப் பற்றித் தமிழில் எழுதுவோர் மட்டும், 'அமெரிக்காவின் நட்பு நாடான பாகிஸ்தான்' என்ற தொடரை இன்றும் கூச்சமின்றிக் கையாள்கின்றனர். இது மொழிபெயர்ப்புச் சோம்பலோடு முடிவதன்று; வரலாற்றுப் பிழையும் ஆகும்.

ஆங்கில மூலச்சொல், 'கட்டுதல்' என்னும் பொருளுடைய லத்தீன் வினையில் பிறந்தது. உடன்படிக்கையால் கட்டுண்ட தரப்பையே அது குறிக்கும். இரண்டாம் உலகப்போர்க் காலத் தமிழ் அதனை 'நேச நாடு' என்றது. பிற்காலத் தமிழ் 'நட்பு நாடு' என்றது. கட்டு அன்பாகிவிட்டது. நட்பைப் பாடிய வள்ளுவரே தீ நட்புக்கும் கூடா நட்புக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தார். அந்த எச்சரிக்கையை நாளிதழ்த் தமிழ் இழந்துவிட்டது; ஆய்வுத் தமிழும் அதன் பின்னே போகிறது.

1954ஆம் ஆண்டின் பாதுகாப்பு உதவி உடன்படிக்கையும் சீட்டோ அமைப்பும் வாஷிங்டனைப் பாகிஸ்தானின் ஆட்சியாளரோடும் படையோடும் பிணைத்தன, மக்களோடு அல்ல. அந்நாட்டு மக்களுள் பெரும்பான்மையினர் கிழக்கில் வாழ்ந்த வங்காளிகள். 1970 டிசம்பர்த் தேர்தலில் 300 பொதுத் தொகுதிகளுள் 160ஐ அவாமி லீக் வென்றது. 1971 மார்ச் 25 இரவில் படை அந்தப் பெரும்பான்மையின் மீதே பாய்ந்தது. டாக்காவிலிருந்த அமெரிக்கத் துணைத்தூதர் ஆர்ச்சர் பிளட், அமெரிக்க அலுவலர் 20 பேர் ஒப்பமிட்ட மறுப்புத் தந்தியை ஏப்ரல் 6 அன்று தம் ஒப்புதலுடன் அனுப்பினார். விளைவு, அவர் டாக்காவிலிருந்து அகற்றப்பட்டார். யாஹ்யா கானை நெருக்க வேண்டாம் என்று நிக்சன் தம் கைப்பட எழுதினார். அகதிகளின் தொகை ஏறத்தாழ ஒரு கோடியை எட்டியது. இதில் நண்பர் யார், யாருக்கு நண்பர்?

சீனத்துக்கு வழி திறக்கப் பாகிஸ்தான் இன்றியமையாததாக இருந்தது என்பது வழக்கமான மறுமொழி. ஆனால் கிஸ்ஸிங்கர் இஸ்லாமாபாத் வழியே பெய்ஜிங் சென்றது ஜூலையில்; நிக்சன் அதனை வெளிப்படையாக அறிவித்தது ஜூலை 15இல். டிசம்பரில் 'எண்டர்பிரைஸ்' விமானந்தாங்கிக் கப்பல் வங்கக் கடலை நோக்கி வந்தபோது அந்த வழி திறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. 'கூட்டாளியைக் கைவிடாதவர்' என்று பெய்ஜிங்கிடம் பெயர் வாங்கவே அது என்றால், டாக்காவின் உயிர்கள் அப்பெயருக்குக் கொடுத்த விலை என்று பொருள். அதற்கு நட்பு என்று பெயரில்லை.

'இஸ்லாமிய உலகோடு மேற்கின் உறவு' என்ற பாடத்தலைப்பும் இங்கே உதவாது. கொன்ற படையும் முஸ்லிம் பெரும்பான்மை நாட்டின் படை. கொல்லப்பட்டோருள் வங்காள முஸ்லிம்களும் எண்ணற்றோர். இந்துக்களோ தேடித்தேடிக் கொல்லப்பட்டனர். மதத்தை அளவுகோலாகக் கொண்டால் அரசுக்கும் மக்களுக்கும் இடையிலான பிளவு கண்ணுக்கே புலப்படாது.

'உடன்படிக்கைக் கூட்டாளி' என்ற சொல் கரடுமுரடானதுதான். ஆயினும் பொய் சொல்லாது. அமெரிக்கத் துணைத்தூதரகம் நின்ற ஹாரிங்டன் தெருவுக்கு ஹோ சி மின் பெயரைச் சூட்டிய நகரம் கொல்கத்தா. பெயரிடுதல் ஒரு தீர்ப்பு என்பதை அந்நகரம் அறிந்திருந்தது. தமிழ் ஆய்வுலகமும் அதை அறியவேண்டும்.