தூவின யூரியா எங்கே போகுது?

காத்து மாசுன்னாலே நம்ம ஆளுங்களுக்கு டெல்லிப் புகைதான் ஞாபகம் வரும். நான் சொல்ல வர்றது புகையே இல்லாத சமாச்சாரம். நம்ம தஞ்சாவூர்ப் பக்கம் குறுவைக்குப் போடுற யூரியா.

ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தா ஆடியில மேலுரம். தண்ணி நிக்கிற வயல்ல வீசிட்டு வந்துடுவோம். அதுல இருக்கிற தழைச்சத்துல பாதிகூடப் பயிருக்குப் போறதில்லை. மிச்சத்துல ஒரு பங்கு, வெயில் ஏற ஏற அம்மோனியாவா காத்துல கலந்துடுது.

அதான் மழையில கரைஞ்சு கீழே வந்துடுமேன்னு நானும் நினைச்சிருந்தேன். தண்ணியில சுலபமா கரையுற வாயுவாச்சே! ஆனா தென்மேற்குப் பருவக்காலத்து இடிமேகம் லிஃப்ட் மாதிரி. தரையோரக் காத்தை அள்ளிக்கிட்டு மேலே போயிடுது. உச்சியில துளி உறையும்போது, கரைஞ்ச அம்மோனியாவுல கொஞ்சம் திரும்ப வெளியே வந்துடுதுன்னு சொல்றாங்க. ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் திபெத்துக்கு மேலே ராட்சசச் சுழல் ஒண்ணு உட்கார்ந்திருக்கும். அதுல மாட்டின காத்து வாரக்கணக்கா அங்கேயே சுத்தும்.

இந்தச் சுழலுக்குள்ள ஒரு துகள் படலம் இருக்குன்னு கலிப்ஸோ செயற்கைக்கோள் தரவை வச்சு 2011-ல் சொன்னாங்க. உயரம் 13 முதல் 18 கி.மீ. தஞ்சாவூர்லேர்ந்து திருவையாறு போற ரோட்டை அப்படியே நட்டுக்குத்தலா நிமிர்த்தினா அதோட அடிப்பக்கத்தைத் தொடலாம் :-) அப்புறம் நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து ஹைதராபாத், திருப்பதி பக்கத்துக் காதங்கி, வாரணாசின்னு பலூன் விட்டுப் பார்த்தாங்க. 2017-ல் காத்மாண்டுலேர்ந்து ஓர் ஆய்வு விமானம் பறந்து அளந்ததுல, அந்தப் படலத்துல அம்மோனியம் நைட்ரேட் இருக்கிறது தெரிஞ்சுது. 2019-ல் கட்டுரையா வந்துச்சு. அம்மோனியாவோட மூலம்? வயல் உரமும் மாட்டுக் கொட்டகையும்தான்.

உடனே "டெல்டா விவசாயியா வானத்தைக் கெடுத்தான்?"னு சண்டைக்கு வராதீங்க. பெரும்பங்கு கங்கைச் சமவெளியோடது. ஆனா பழக்கம் ஒண்ணுதானே? டிஏபி மூட்டை 1350 ரூபா, 45 கிலோ யூரியா 270-க்குள்ள. இப்படி விலை வச்சா யார்தான் யூரியாவை அள்ளிப் போடமாட்டாங்க? என் கோபம் விவசாயி மேல இல்லை, இந்த விலைக்கணக்கு மேலதான். மானியத்தை யூரியாவுக்கே கொட்டாம, குறைச்சுப் போடுறவருக்கு ஏதாவது கொடுத்தா என்ன?

இலை வண்ண அட்டைன்னு ஒண்ணு இருக்கு. பயிரோட பச்சையை அதோட ஒப்பிட்டுப் பார்த்து, வெளுத்திருந்தா மட்டும் யூரியா போடணும். அவ்வளவுதான் வேலை. எங்க தெருவுல ஒரு வீட்டுல பார்த்தேன், காலண்டருக்குப் பின்னாடி சொருகி வச்சிருக்காங்க.